குப்பைக்கு ஆறு பெயர்

ஆங்கிலம் பழகும் வாசகர்களுக்கான கேள்வி–பதில் பகுதி இது. ஆற்றைத் துப்புரவு செய்யும் குழுக்களிடமிருந்தே இந்த முறை கேள்விகள் குவிந்துவிட்டன. மற்றவை அடுத்த இதழுக்கு.

கேள்வி: எங்கள் குழுவில் பதினைந்து பேர். ஆற்றங்கரையைச் சுத்தம் செய்தபடியே ஆங்கிலச் சொற்களையும் கற்கலாம் என்று ஐம்பது சொற்களை அச்சடித்துக் கொடுத்தோம். வேலை முடிந்து கேட்டால் ஒருவருக்கும் ஐந்து சொல்கூட நினைவில்லை. பட்டியலையும் அனுப்பியிருக்கிறோம். எங்கே கோளாறு?

பதில்: ஐம்பது என்ற எண்தான் முதல் கோளாறு. கையில் சேறும் முதுகில் வெயிலுமாக இரண்டு மணி நேரம் குனிந்து நிமிர்கிறவர்களுக்குப் பன்னிரண்டு சொல்லே தாராளம். பெயர்ச்சொல் ஐந்து, வினைச்சொல் ஐந்து, பெயரடை இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். வெறும் பெயர்ச்சொற்களாக அடுக்கினால் பொருளைச் சுட்டிக்காட்ட வரும், வாக்கியம் பேச வராது.

இரண்டாவது கோளாறு வரிசையில். குப்பையைக் குறிக்கும் சொற்கள் ஆறும் மேலே ஒரு கொத்து, கருவிகள் கீழே ஒரு கொத்து. கண்ணுக்கு அது ஒழுங்கு, நினைவுக்கு அதுவே குழப்பம். பொருள் நெருங்கிய புதுச் சொற்களை ஒரே நேரத்தில் கற்றால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். டிங்கம் என்ற ஆய்வாளர் 1993-லும் 1997-லும் வெளியிட்ட சோதனைகளில் தெரிந்தது இதுதான். ஒரே காட்சியில் சேர்ந்து வரும் சொற்களோ ஒன்றையொன்று கைபிடித்து இழுத்து வரும்.

ஆகவே உங்கள் பன்னிரண்டும் ஒரு பையின் பயணமாக இருக்கட்டும். ‘க்ளவ்’ மாட்டுகிறோம், ‘பேங்க்’ ‘ஸ்லிப்பரி’யாக இருக்கிறது, ‘மட்’டில் கிடக்கும் பாட்டிலை ‘பிக் அப்’ செய்கிறோம், ‘லிட்’டைத் திருகி, உள்ளே இருக்கும் தண்ணீரை ‘எம்ப்டி’ செய்து ‘பேக்’கில் போடுகிறோம், பையின் வாயை ‘டை’ பண்ணுகிறோம், ‘ஹெவி’யாக இருப்பதால் தூக்காமல் ‘ட்ராக்’ செய்கிறோம், கடைசியில் தராசில் ‘வே’. முக்கால் பைக்கு மேல் நிரப்பாதீர்கள். ஈரமும் மணலும் சேர்ந்தால் அடி கிழியும்.

வேலைக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முதல் சுற்றில் ஒருவர் மட்டும் கட்டளையைச் சொல்லிச் செய்துகாட்ட வேண்டும், மற்றவர்கள் வாய் திறக்காமல் அதைச் செய்ய வேண்டும். கட்டளையைக் கேட்டு உடலால் செய்து பழகும் இந்த முறையை 1960-களில் பரப்பியவர் ஜேம்ஸ் ஆஷர். இரண்டாம் சுற்றில் குழுவினர் ஒருவருக்கொருவர் கட்டளையிடலாம். பிறகு ஆற்றில் அந்த வேலையைச் செய்யும்போதெல்லாம் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொல்வது கணக்கில் வராது.

அன்றிரவே தாளைப் பார்க்காமல் பன்னிரண்டையும் எழுதிப் பாருங்கள். மறுநாள் ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை. திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து இழுப்பதுதான் பலன் தரும். முதல் நாள் நான்கு விட்டுப்போனால் அந்த நான்கு மட்டுமே மறுநாள் வேலை.

கேள்வி: அந்த ஆறு சொற்களுக்கும் ஒரே பொருள்தானே? ஒன்றைக் கற்றால் போதாதா?

பதில்: தமிழில் எல்லாமே குப்பைதான். ஆங்கிலத்தில் அது எங்கே, எப்படிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். போடக்கூடாத இடத்தில் யாரோ போட்டுவிட்டுப் போனது ‘லிட்டர்’. வீட்டுத் தொட்டியில் சேர்வதை அமெரிக்கர் ‘ட்ராஷ்’, ‘கார்பிஜ்’ என்பார்கள், பிரிட்டிஷார் ‘ரப்பிஷ்’ என்பார்கள். வெள்ளம் அடித்துவரும் முறிந்த கிளை, உடைந்த பலகை போன்றவை ‘டெப்ரி’. ‘வேஸ்ட்’ பொதுச்சொல், ஆலைக் கழிவுவரை எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆற்றங்கரைக்கு முதலில் தேவை ‘லிட்டர்’. அது நன்றாகப் படிந்த பிறகு, குறைந்தது ஒரு வாரம் விட்டு, ‘டெப்ரி’. மற்றவை தானாக வந்து சேரும்.

‘லிட்டர்’ என்ற சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழில் ‘லிட்டர்’ என்றால் பாலும் பெட்ரோலும்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அந்த அளவைச் சொல் ‘லீட்டர்’, நெடில். குப்பைக்குத்தான் குறில். இன்னொன்று, குப்பை எவ்வளவு கிடந்தாலும் ‘லிட்டர்ஸ்’ ஆகாது. நாய் ஒரே ஈற்றில் போட்ட குட்டிகளுக்கும் ‘லிட்டர்’ என்றே பெயர், பல ஈற்றுக் குட்டிகள்தான் ‘லிட்டர்ஸ்’. எண்ணிக்கை வேண்டுமானால் ‘எ பீஸ் ஆஃப் லிட்டர்’, ‘டூ பேக்ஸ் ஆஃப் லிட்டர்’ என்று சொல்லுங்கள்.

கேள்வி: உச்சரிப்பு மறக்காமல் இருக்க, சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்திருக்கிறேன். சரியா?

பதில்: அச்சில் இந்தப் பகுதி செய்வதும் அதுதான். ஆனாலும் உங்கள் குறிப்பேட்டில் அதைச் செய்யாதீர்கள். மேலே ‘ட்ராக்’ என்று படித்தபோது இழுப்பது நினைவுக்கு வந்ததா, ஓட்டப்பந்தயப் பாதையா? க, ட, ப வரிசைகளில் தொண்டை அதிராத ஒலிக்கும் அதிரும் ஒலிக்கும் நமக்கு ஒரே எழுத்து. கண்ணாடிச் சில்லும் ‘கிளாஸ்’, வகுப்பறையும் ‘கிளாஸ்’. குப்பைத்தொட்டியும் ‘பின்’, குண்டூசியும் ‘பின்’. சாக்கடையும் ‘ட்ரெயின்’, ரயிலும் ‘ட்ரெயின்’. பை, முதுகு, கட்டு மூன்றும் ‘பேக்’. பாட்டில் மூடியும் இடைவெளியும் ‘கேப்’. ஆற்றங்கரையில் இது வெறும் எழுத்துப் பிரச்சினையும் அல்ல: சேற்றில் உடைந்த கண்ணாடி கிடக்கிறது என்று எச்சரிப்பவர் ‘ப்ரோக்கன் கிளாஸ்’ என்பதை வகுப்பறை ஒலியில் சொன்னால் கேட்பவர் ஒரு நொடி யோசிப்பார், கால் அதற்குள் இறங்கிவிடும்.

தொண்டையில் இரண்டு விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள். கண்ணாடியின் முதல் ஒலி ‘கங்கை’யின் முதல் எழுத்துப் போல அதிரும், வகுப்பறையின் முதல் ஒலி ‘கல்’ போல அதிராது. குறிப்பேட்டில் சொல்லை ஆங்கில எழுத்திலேயே எழுதி, அதிரும் எழுத்தின் கீழ் ஒரு கோடு போடுங்கள், ஒலிக்காத எழுத்தை அடித்துவிடுங்கள். ‘டெப்ரி’யில் கடைசி எழுத்து அடிபடும். ‘வே’யில் கடைசி இரண்டு. உணவுப் பொட்டல உறையான ‘ராப்பர்’ என்பதில் முதல் எழுத்தே அடிபடும்.

கேள்வி: சொற்களை யார் குறிப்பது? எல்லோரும் குறித்தால் வேலை நிற்கிறது. யாரும் குறிக்காவிட்டால் ஆங்கிலம் நிற்கிறது.

பதில்: நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். இருவர் பொறுக்குகிறவர்கள், ஒருவர் பை பிடிப்பவர், ஒருவர் எழுதுபவர். எழுதுபவர் கையுறை போடக்கூடாது, குப்பையைத் தொடவும் கூடாது. ஈரக் கையுறையோடு அட்டையைப் பிடித்தால் இரண்டாவது வரியிலேயே அது கூழாகிவிடும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்; எழுதும் வேலையிலிருந்து மாறுபவர் அப்போது கையுறை மாட்டினால் போதும். கெட்டி அட்டை, கழுத்தில் மாட்ட நூல், பென்சில். மைப்பேனா வேண்டாம், ஒரு துளி தண்ணீருக்கே கரைந்துவிடும்.

அட்டையில் என்ன எழுதுவது என்பதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கிய துப்புரவு இயக்கம் இன்று பல நாடுகளில் ஆறு, ஏரிக் கரைகளிலும் நடக்கிறது. பொறுக்கும் ஒவ்வொரு பொருளையும் வகைவாரியாக எண்ணிக் குறிப்பது அதன் வழக்கம்: சிகரெட் துண்டு, பாட்டில் மூடி, உறிஞ்சுகுழல், உணவுப் பொட்டல உறை, பிளாஸ்டிக் பை. நீங்களும் எட்டு வகைக்குள் நிறுத்திக்கொண்டு, நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே என்று போடுங்கள். பொறுக்குகிறவர் பொருளின் பெயரை ஆங்கிலத்தில் கூவ வேண்டும், எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டே கோடு போட வேண்டும். ஒரே சொல் ஒரு மணி நேரத்தில் நாற்பது முறை காதில் விழும். எந்த வகுப்பிலும் இது நடக்காது.

கடைசியில் ஒவ்வொரு குழுவும் தன் கணக்கை முழு வாக்கியமாக வாசிக்க வேண்டும். இங்கேதான் இலக்கணம் வெளுக்கும். மூடிகளை எண்ணலாம், ஆகவே ‘ஃபார்ட்டி டூ பாட்டில் கேப்ஸ்’. ‘லிட்டர்’, ‘டெப்ரி’, ‘எக்விப்மென்ட்’ எண்ண முடியாதவை, அவற்றோடு ‘ஸ்’ ஒட்டாது. பதின்மூன்றும் முப்பதும் தூரத்தில் ஒன்றுபோலவே கேட்கும், ஆற்றுச் சத்தத்தில் இன்னும் மோசம். பதின்மூன்றில் அழுத்தம் கடைசி அசையில், முப்பதில் முதல் அசையில். சந்தேகம் வந்தால் ‘ஒன் த்ரீ’, ‘த்ரீ ஸீரோ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘பிக் அப் இட்’ என்றேன், தவறு என்றார்கள். ‘பிக் அப் த பாட்டில்’ மட்டும் எப்படிச் சரியாகிறது?

பதில்: ‘இட்’, ‘தெம்’ போன்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: ‘பிக் இட் அப்’, ‘டை இட் அப்’, ‘த்ரோ தெம் அவே’. பெயர்ச்சொல் என்றால் நடுவிலும் நிற்கலாம், கடைசியிலும் நிற்கலாம். பொறுக்கும் ஒவ்வொரு முறையும் பொருளின் பெயரை ஒரு தடவை, ‘இட்’ போட்டு ஒரு தடவை என்று இரண்டு வாக்கியமாகச் சொல்லுங்கள். பத்துப் பொருளில் நாக்கு பழகிவிடும்.

கேள்வி: ஆற்றுக்கு ‘ஷோர்’ என்று சொல்லலாமா?

பதில்: ‘கரை’ என்ற ஒரே சொல்லை வைத்து ஆறு, ஏரி, கடல் மூன்றையும் நாம் சமாளித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஆற்றுக்கு ‘பேங்க்’, ஏரிக்கும் கடலுக்கும் ‘ஷோர்’, கடலோர நிலப்பகுதிக்குக் ‘கோஸ்ட்’. இடக்கரை, வலக்கரை என்று குழுக்களைப் பிரிக்கும்போது, தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்று இடம் வலம் சொல்வதே மரபு. எதிர்க்கரையில் நம்மைப் பார்த்து நிற்பவரின் கைப்பக்கம் கணக்கில் வராது. தண்ணீர் வரும் பக்கம் ‘அப்ஸ்ட்ரீம்’, போகும் பக்கம் ‘டவுன்ஸ்ட்ரீம்’. நீரோட்டம் ‘கரன்ட்’. வேகமாக இருந்தால் ‘ஸ்ட்ராங் கரன்ட்’. ‘ஸ்பீட் கரன்ட்’ என்று யாரும் சொல்வதில்லை. ஆறு படுத்திருக்கும் இடத்தை நாம் படுகை என்கிறோம், அவர்கள் ‘பெட்’ என்கிறார்கள். இந்த ஒரு சொல்லையாவது மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கேள்வி: பழக்கம் வரட்டும் என்று, கரையில் முழுக்க முழுக்க ஆங்கிலம்தான் என்று விதி வைத்திருக்கிறோம். எச்சரிக்கைகளும் அப்படித்தான். சரிதானே?

பதில்: எச்சரிக்கையை மட்டும் விதியிலிருந்து எடுத்துவிடுங்கள். ‘லுக் அவுட்’ என்று கத்தினால், புதிதாகக் கற்பவர் வெளியே எட்டிப் பார்ப்பார். முதலில் தாய்மொழியில் கத்துங்கள், ஆபத்து விலகிய பிறகு ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக்கூடாது, மழை பெய்த மறுநாள் போகக்கூடாது, காயத்தை நீர் புகாதபடி மூடிக்கொள்ள வேண்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும் என்பவையும் தாய்மொழியிலேயே. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். இதை அரைகுறையாகப் புரிந்துகொள்ள விடக்கூடாது.

ஊசி கிடந்தால், மூடியுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவைத் தரையில் வையுங்கள், கையில் பிடிக்காதீர்கள். இடுக்கியால் எடுத்து முனை கீழே இருக்கும்படி உள்ளே போடுங்கள். டப்பாவின் மேல் ‘ஷார்ப்ஸ்’ என்று எழுதுங்கள். ஊசி, பிளேடு போன்றவற்றுக்கு அதுதான் பெயர், ஒரே ஒரு ஊசி கிடந்தாலும் டப்பாவில் ‘ஸ்’ உண்டு.