ஃபோம் போர்டு வெட்ட எந்தக் கத்தி வாங்குவது?

கட்டடக்கலை முதலாண்டு படிக்கும் வாசகி ஒருவர், கட்டட மாதிரிக்காக 5 மி.மீ. ஃபோம் போர்டில் (இரு தாள்களுக்கு நடுவே நுரை வைத்த அட்டை) சுவர்களை வெட்டும்போது விளிம்பு பிய்ந்து சாய்வாகவும் போய்விடுவதாகவும், பலவகை பிளேடுகள் அடங்கிய விலையுயர்ந்த கத்திப் பெட்டி ஒன்றை வாங்கினால் இது சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறார்.

அந்தப் பெட்டி வேண்டாம். அதிலுள்ள வளைந்த பிளேடுகளும் உளி போன்றவையும் பெரும்பாலும் மரம் செதுக்குவதற்கானவை என்பதால், ஐந்தாண்டுப் படிப்பு முடியும்வரை கூர்முனைப் பிளேடு ஒன்றைத்தான் நீங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவீர்கள்.

உங்கள் இரு குறைகளுக்கும் காரணம் வேறுவேறு. விளிம்பு பிய்வது முனை மழுங்கியதால். மேல்தாளை அறுத்துவிடும் பிளேடுகூட உள்ளே இருக்கும் நுரையை அறுக்க முடியாமல் இழுத்துக் கிழிக்கும். சாய்வு வருவது பிளேடு கைப்பிடிக்குள் ஆடுவதாலும், அழுத்த அழுத்த மணிக்கட்டு ஒருபுறமாகச் சாய்வதாலும்.

ஆகவே 9 மி.மீ. அகலமுள்ள, பிளேடை ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர் ஒன்றை, பிளேடு ஓடும் உறை உலோகத்தாலானதாகப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே பிளேடை இரண்டு கண்ணி (கோட்டோடு ஒடியும் துண்டு) நீளம் நீட்டிப் பூட்டி, முனையை விரலால் அல்லாமல் மேசை விளிம்பில் வைத்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் அது கடித உறை பிரிக்கத்தான் உதவும். வழக்கமான பிளேடின் முனைக்கோணம் ஏறத்தாழ 60 பாகை. 30 பாகைப் பிளேடு சன்னல் மூலைகளில் நன்றாக இறங்கும், ஆனால் முனை எளிதில் முறியும். (1956இல் ஜப்பானின் ஒக்காடா யோஷியோவுக்கு இந்த ஒடிக்கும் பிளேடு தோன்றியதில் சாக்லேட் கட்டியின் கோடுகளுக்கும் பங்குண்டு.)

மவுண்ட் போர்டு என்னும் கெட்டி அட்டையில் நுண்ணிய வேலைக்கு, அறுவைச் சிகிச்சைப் பொருள் விற்கும் கடையில் 3ஆம் எண் கைப்பிடியும் 11ஆம் எண் பிளேடும் கேளுங்கள். பிளேடைக் குறடால் பிடித்தே மாட்ட வேண்டும். அக்ரிலிக்கில் இதை வைக்கவே கூடாது, முனை ஒடிந்து கண்ணை நோக்கித் தெறிக்கும். அதற்குக் கொக்கி முனையுள்ள தனிக் கட்டர் உண்டு, கீறி ஒடிப்பதே முறை.

இனி வெட்டும் விதம். ஸ்டீல் ஸ்கேலை உங்களுக்கு வேண்டிய துண்டின் மேல் வையுங்கள். கத்தி வழுக்கினாலும் காயம் கழிவுத் துண்டில் விழும். முதல் இழுப்பு மேல்தாளுக்கு, இரண்டாவது நுரைக்கு, மூன்றாவது அடித்தாளுக்கு. மூன்றிலும் அழுத்தம் குறைவாகவே இருக்கட்டும், பிளேடு தாழ்ந்து படுத்தாற்போல் வரட்டும். இரண்டாம் இழுப்பில் கரகரவென்ற ஒலி கேட்டால், அந்தச் சுவரை முடித்துவிட்டு மாற்றலாம் என்று காத்திராமல் அப்போதே ஒரு கண்ணியை ஒடித்துவிடுங்கள். ஒடித்த துண்டுகளைக் குப்பைக்கூடையில் வெறுமனே எறியாமல், மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து வையுங்கள்.