ஸ்பெக்ட்ரமும் கேசட்டும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் லெஸ்டரில் வசிக்கிறேன். இங்கே பழைய பொருள் சந்தையில் கேசட்டிலிருந்து ஆட்டங்களை ஏற்றும் பழைய வீட்டுக் கணினியான 48கே ஸ்பெக்ட்ரம் ஒன்றும், ‘மேனிக் மைனர்’, ‘வான்டட்: மான்டி மோல்’ ஆட்டக் கேசட்டுகளும் வாங்கினேன். கணினியைப் போட்டால் 1982 சின்க்ளேர் ரிசர்ச் என்ற வரி ஒழுங்காக வருகிறது. கேசட்டை ஓடவிட்டால் ஆட்டத்தின் பெயரும் திரையில் விழுகிறது. பிறகு ‘ஆர் டேப் லோடிங் எரர்’ என்று நின்றுவிடுகிறது. கணினி பழுதா, கேசட் போய்விட்டதா? பழைய கணினியைப் போலவே இயங்கும் மென்பொருளான எமுலேட்டரில் இரண்டையும் ஆடிப் பார்த்தேன். முதலாவதில் கடைசியில் ஏன் ஒரு பூட்ஸ் கால் வந்து நசுக்குகிறது? இரண்டாவதில் அகழெலி எதற்கு நிலக்கரி திருடுகிறது? ஒன்றும் பிடிபடவில்லை.

கு., லெஸ்டர்

அன்புள்ள கு.,

கணினியைத் திறக்க வேண்டாம், கேசட்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம். முதலில் சந்தேகப்பட வேண்டியது டேப் ரெக்கார்டரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டை.

பெயர் திரையில் வந்துவிட்டதென்றால் ஹெடர் எனப்படும் முதல் துண்டு பிழையின்றி ஏறிவிட்டது. அதில் 17 பைட் தகவல்தான். அது கெட்டிருந்தால் ஸ்பெக்ட்ரம் எரர் எதுவும் சொல்லாது, பேசாமல் அடுத்த ஹெடருக்குக் காத்திருக்கும். ஆகவே உங்களுக்கு இடறுவது பின்னால் வரும் பெரிய துண்டு. அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். திரை ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாக நகரும் கோடுகள், துண்டு தொடங்கப்போவதைச் சொல்லும் முன்னோட்ட ஒலி. நீலமும் மஞ்சளுமாகப் பரபரக்கும் கோடுகள்தான் தரவு. தரவின் நடுவிலேயே நின்றுவிட்டால் ஒலி அங்கே அறுந்திருக்கிறது. நாடா கசங்கியிருக்கலாம், பூச்சு உதிர்ந்திருக்கலாம். கோடுகள் கடைசிவரை ஓடி முடிந்தபின் எரர் வந்தால் நாடா முழுசாக இருக்கிறது, எங்கோ சில பிட்டுகள் (0, 1 என்ற தரவுத் துளிகள்) மட்டும் மாறிப்போய், சரிபார்க்கவென்று துண்டின் கடைசியில் வைத்த பைட்டோடு கணக்கு ஒத்துப்போகவில்லை.

பிட் ஏன் மாறுகிறது? ஸ்பெக்ட்ரம் நாடாவில் 0 என்பது சுமார் 2 கிலோஹெர்ட்ஸ் ஒலி, 1 என்பது அதில் பாதி. ஒலி அலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாற எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்துதான் இரண்டையும் பிரிக்கிறது. ஹெட் நாடாவுக்குச் செங்குத்தாக இல்லாமல் இம்மி சாய்ந்திருந்தாலும் உயர் அதிர்வெண் முதலில் மங்கும். பாட்டில் அது காதுக்குத் தெரியாது. இங்கே 0 சிதைந்து ஆட்டமே ஏறாது.

பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடையுங்கள். ஹெட்டின் இரு பக்கமும் திருகு இருக்கும், அதில் ஸ்பிரிங் வைத்ததுதான் சாய்வைத் திருத்துவது. இப்போதிருக்கும் நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். கேசட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, தரவு இரையும்போது சிறிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் இரு பக்கமும் திருப்புங்கள். இரைச்சல் எங்கே மிகக் கூர்மையாகக் கீச்சிடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். இரைச்சலைக் குறைக்கும் டால்பி அணைந்திருக்க வேண்டும், ட்ரெபிள் முழுசாக, ஒலி முக்கால் அளவு. கணினியின் இயர் துளைக்கு மட்டும் கம்பி போதும், மைக் கம்பியை உருவிவிடுங்கள். சிவப்பு, வெளிர்நீலக் கோடுகள் இரண்டும் ஒரே அகலத்தில் சீராக நகர்ந்தால் ஒலி அளவு சரி. ஒவ்வொரு கேசட்டும் வேறு வேறு இயந்திரத்தில் பதிவானது என்பதால், மேனிக் மைனருக்குப் பொருந்திய திருகு மான்டிக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஒருமுறை ஏறிவிட்டால், அதே திருகு நிலையில் கேசட்டை லேப்டாப்பில் பதிவுசெய்துவிடுங்கள். 44,100 ஹெர்ட்ஸ், மோனோ, வேவ் கோப்பு. எம்பி3 வேண்டாம், அதன் சுருக்கம் அலையின் விளிம்புகளைச் சிதைக்கலாம். அப்புறம் நாடாவைத் தேய்க்காமல் செல்போனிலிருந்தே ஏற்றலாம்: மோனோ முனை கொண்ட கம்பி, முழு ஒலி, ஈக்வலைசர் கூடாது, ஏர்பிளேன் மோட். நடுவில் ஒரு மெசேஜ் ஒலி வந்தால் ஏற்றியது வீண்.

அடாப்டர் விஷயத்தில் கவனம். ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட், 1.4 ஆம்பியர், நடு முனை நெகட்டிவ். கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் நடு முனை பாசிட்டிவ். அதைச் செருகினால் உள்ளே மின்மாற்றச் சுற்றும், அதோடு மெமரி சிப்புகளும் போகக்கூடும்.

உங்கள் மற்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு இதுதான் இந்த ஆட்டங்களின் உயிர். மேனிக் மைனர் 1983-இல் மேத்யூ ஸ்மித் எழுதியது. அந்தக் கால், பிபிசியில் 1969 முதல் 1974 வரை வந்த மான்டி பைதான் நகைச்சுவைத் தொடரின் தொடக்கப் படத்தில் வானத்திலிருந்து இறங்கி எல்லாவற்றையும் நசுக்கும் கால். அன்று இங்கிலாந்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

இரண்டாவது ஆட்டத்தின் அகழெலி மான்டியின் கதை இன்னும் கனமானது. பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் 1984 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஓராண்டு நீடித்தது. அவர்களின் சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில். சங்கத்தின் தலைமையகம் இருந்த ஷெஃபீல்டில்தான் மான்டி ஆட்டத்தை வெளியிட்ட கிரெம்லின் கிராஃபிக்ஸ் நிறுவனமும் இருந்தது. வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே இந்த ஆட்டம் வெளியானது. குளிருக்குக் கரியில்லாமல் அகழெலி சுரங்கத்தில் இறங்குகிறது, கடைசியில் ஸ்கார்கிலின் கோட்டைக்கே போகிறது. எந்தப் பக்கம் நின்று ஆடினாலும், அந்தக் குளிர்காலத்தில் கரி என்பது வெறும் விளையாட்டுப் பொருள் இல்லை.

இதே சுவை பிடித்திருந்தால் அடுத்து ‘ஸ்கூல் டேஸ்’ தேடி வாங்குங்கள். அதுவும் 1984. முழு ஆட்டமும் ஓர் ஆங்கிலேயப் பள்ளிக்கூடத்துக்குள் நடக்கிறது. ஆசிரியர்கள் தொட்டதற்கெல்லாம் இம்போசிஷன் கொடுப்பார்கள். 10,000 வரி சேர்ந்துவிட்டால், நீங்கள் ஆட்டுவிக்கும் மாணவன் எரிக்கைப் பள்ளியை விட்டே நீக்கிவிடுவார்கள்.