வெளியுறவுப் பணி கேட்கும் மகளும் பீஜிங் தூதர் பதவியின் வரலாறும்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ முடித்த உங்கள் மகள் பி.ஏ. வரலாறு படித்து வெளியுறவுப் பணிக்குப் போக வேண்டும் என்று உறுதியாக இருப்பதாகவும், தூதர் பதவியெல்லாம் செல்வாக்கும் குடும்பப் பின்னணியும் உள்ளவர்களுக்குத்தான் கிடைக்கும் என்று நீங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதற்குப் பொதுவான ஆறுதல் வார்த்தை சொல்வதில் பயனில்லை. ஒரே ஒரு பதவியை எடுத்துக்கொண்டு, அதில் யார் யார் அமர்ந்தார்கள், அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று பார்த்தாலே உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும். நம் அண்டை நாடான சீனாவுக்கு இந்தியா அனுப்பிய தூதர்களின் வரிசையை அதற்காகத் தேர்ந்தெடுக்கிறேன். இத்தனை ஏற்ற இறக்கங்களைக் கண்ட தூதர் பதவி நம் நாட்டுக்கு வேறெதுவும் இல்லை என்பது என் கருத்து.

தொடக்க ஆண்டுகளைப் பார்த்தால் உங்கள் அச்சத்தில் நியாயம் இருப்பதாகவே தோன்றும். முதல் தூதரான கே.பி.எஸ். மேனன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்த, ஆங்கிலேயர் காலத்து இந்தியக் குடிமைப் பணி (ஐ.சி.எஸ்.) அதிகாரி. அடுத்து வந்த கே.எம். பணிக்கர் வரலாற்று அறிஞர், பத்திரிகை ஆசிரியர், பிகானேர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர். அவருக்குப் பின் வந்த என். ராகவன் பினாங்கில் வழக்கறிஞராக இருந்து நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசில் பங்கேற்றவர். 1954 ஏப்ரல் 29 அன்று பீஜிங்கில் பஞ்சசீல ஒப்பந்தத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் அவர்தான். 1958இல் போன ஜி. பார்த்தசாரதி, நேரு அமைச்சரவையில் இருந்த கோபாலசுவாமி ஐயங்காரின் மகன். பத்திரிகைத் துறையிலிருந்து வந்தவர். புதிதாக விடுதலை பெற்ற நாட்டில் பயிற்சி பெற்ற தூதர்கள் போதுமான அளவில் இல்லை. ஆகவே அரசு அறிஞர்களையும் பொதுவாழ்வில் இருந்தவர்களையும் நேரடியாக நியமித்தது. அந்தக் காலம் முடிந்துபோனது.

ஆயினும் பணிக்கரின் காலத்தில் நடந்த ஒன்றை உங்கள் மகள் அறிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நாற்காலியில் உட்காருபவரின் வேலை என்ன என்பதை அது காட்டிவிடுகிறது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1950 அக்டோபர் 3 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், உறங்கிக்கொண்டிருந்த பணிக்கரைச் சீனப் பிரதமர் சூ என்லாய் அழைத்தார். வட, தென் கொரியாக்களைப் பிரித்த 38ஆம் அட்சக் கோட்டை அமெரிக்கப் படைகள் தாண்டினால் சீனா போரில் இறங்கும் என்பது அவர் சொன்ன செய்தி. அமெரிக்காவோடு சீனாவுக்குத் தூதரக உறவு இல்லாததால் அந்த எச்சரிக்கை இந்தியா வழியாகவே போக வேண்டியிருந்தது. பணிக்கர் அதை உடனே டெல்லிக்கு அனுப்பினார். டெல்லியிலிருந்து அது அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. வாஷிங்டன் அதை நம்பவில்லை. பணிக்கர் சீனர்கள் பக்கம் சாய்ந்தவர் என்ற எண்ணம் அங்கே இருந்தது. சில வாரங்களில் சீனப் படைகள் கொரியாவுக்குள் நுழைந்தன. கேட்டதைக் கேட்டபடி, காலம் தாழ்த்தாமல், தெளிவான வாக்கியங்களில் எழுதி அனுப்புவது தூதரின் வேலை. அதை மறுமுனையில் நம்புவதும் நம்பாததும் அவர் கையில் இல்லை. கவனமாகக் கேட்டு, பிழையின்றி எழுதும் பழக்கத்தை இப்போதே வளர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வரலாற்றுப் படிப்பு அதற்கு நல்ல பயிற்சி.

1961இல் பார்த்தசாரதி திரும்பிய பிறகு பதினைந்து ஆண்டுகள் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. எல்லைத் தகராறும் 1962 போரும் உறவை முறித்தன. ஆனால் தூதரகம் மூடப்படவில்லை. தூதருக்கு ஒரு படி கீழான பொறுப்பாளர்கள் அதை நடத்தினார்கள்; சந்தேகமும் கெடுபிடியும் நிறைந்த ஊரில் நம் இளம் அதிகாரிகள் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். 1967இல் இருவர் மீது உளவுக் குற்றம் சாட்டிச் சீனா வெளியேற்றியது. அவர்களில் ஒருவரான கே. ரகுநாத் பிற்காலத்தில் வெளியுறவுச் செயலராக உயர்ந்தார். 1970 மே தின விழாவில் மாவோ, பொறுப்பாளராக இருந்த பிரஜேஷ் மிஸ்ராவிடம் நட்பாகப் பேசியது உறவில் ஒரு சிறு அசைவாகக் கருதப்பட்டது. அதன் பிறகும் தூதர் வர ஆறு ஆண்டுகள் ஆயின. இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இந்தப் பணியில் பளபளப்பைக் காட்டிலும் காத்திருப்பே அதிகம் என்பதை நீங்களும் அவளும் சேர்ந்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான்.

1976இல் அந்த இடத்தை நிரப்பியவர் கே.ஆர். நாராயணன். கோட்டயம் மாவட்டத்தின் உழவூரில், வறுமைப்பட்ட தலித் குடும்பத்தில் பிறந்து, நெடுந்தூரம் நடந்து பள்ளிக்குப் போனவர். 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்து, 27 ஆண்டுகள் படிப்படியாக உழைத்துப் பீஜிங்கை அடைந்தார்; பின்னர் குடியரசுத் தலைவராகவும் ஆனார். அவர் முதல் இன்று வரை பீஜிங் சென்ற அனைவருமே பணியிலிருந்து உயர்ந்தவர்கள். குடும்பப் பின்னணி முற்றிலும் இல்லை என்று சொல்ல மாட்டேன்: கே.பி.எஸ். மேனனின் மகனும் பேரன் சிவசங்கர் மேனனும் அதே பதவியை வகித்தார்கள். வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்சு ஒரு குழந்தைக்குத் துணிவு தரும், உண்மை. ஆனால் இன்று நுழைவாயில் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (யுபிஎஸ்சி) தேர்வு ஒன்றுதான். அதன் விடைத்தாளில் தந்தையின் பெயர் கிடையாது.

பெண் பிள்ளை என்ற உங்கள் தயக்கத்துக்கும் பதில் இருக்கிறது. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சி.பி. முத்தம்மாதான் இந்தப் பணிக்கு வந்த முதல் பெண். திருமணத்துக்கு அரசின் அனுமதி வேண்டும் என்பது போன்ற விதிகளை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அத்தகைய பாகுபாட்டைக் கடுமையாகக் கண்டித்தார். 1973இல் பணியில் சேர்ந்த நிருபமா ராவ், ஆங்கில இலக்கியம் படித்தவர், 2006இல் சீனாவுக்கான முதல் பெண் தூதரானார். அவருக்கு அடுத்து வந்த எஸ். ஜெய்சங்கர் 1977இல் பணியில் சேர்ந்து 2009இல் அங்கே போனார். கணக்கிட்டுப் பாருங்கள்: முப்பது ஆண்டுகளுக்கு மேல்.

பட்டம் எந்தத் துறையாக இருந்தாலும் யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வு எழுதலாம். குறைந்தபட்ச வயது 21. பொதுப் பிரிவினருக்கு 32 வயது வரை ஆறு வாய்ப்புகள், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது வரை ஒன்பது. முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், ஆளுமைத் தேர்விலும் தமிழில் பேசலாம். சென்னையில் தமிழக அரசு நடத்தும் அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையத்துக்கு நுழைவுத் தேர்வு எழுதிப் போகலாம். பல லட்சம் கட்டித் தனியார் மையத்தில் சேர்ப்பதற்கு முன் இதை முயலுங்கள். தேர்வானவர்களுக்கு முசோரியிலும் டெல்லியிலும் பயிற்சி. பிறகு ஒதுக்கப்படும் வெளிநாட்டு மொழியைக் கற்றுத் தேர்ச்சி பெற்றே தீர வேண்டும். பீஜிங்கில் தூதராக இருந்த விஜய் கோகலே, 2022இல் அங்கே தூதரான பிரதீப் குமார் ராவத் போன்றவர்களுக்குச் சீன மொழிப் புலமை பெரிய பலமாக அமைந்தது.

வெளியுறவுப் பணியில் ஆண்டுதோறும் சேருபவர்கள் சில பத்துப் பேர்தான் என்பதால் மாற்று வழியும் இப்போதே திட்டத்தில் இருக்க வேண்டும். மத்திய அரசின் பணியாளர் தெரிவு ஆணையம் (எஸ்எஸ்சி) நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வு வழியாக வெளியுறவு அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேரலாம். அவர்களுக்கும் வெளிநாட்டுத் தூதரகங்களில் பணி உண்டு. சீன மொழியும் சீன ஆய்வும் படிக்க டெல்லியின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜேஎன்யு), டெல்லிப் பல்கலைக்கழகம், சாந்திநிகேதனின் சீன பவனம் ஆகியவை இருக்கின்றன. மொழிபெயர்ப்பு, வணிகம், ஆய்வு ஆகிய துறைகளில் அந்தப் படிப்புக்கு மதிப்புண்டு.

ஆகவே பி.ஏ. வரலாற்றுக்கு இடம் கிடைத்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். முதலாண்டில் பயிற்சி மையம் எதுவும் வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரு நாளிதழையும் தமிழில் ஒன்றையும் நாள்தோறும் படித்து, ஒரு செய்தியை ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதிவரட்டும். பட்டத்தின் இரண்டாம் ஆண்டு இறுதியில் அந்தத் தாள்களோடு அவளை என்னிடம் அழைத்து வாருங்கள். யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வுக்கான விருப்பப் பாடத்தை அப்போது மூவரும் கலந்து முடிவு செய்யலாம்.