ஆமையோடும் பித்தளையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பதினான்காம் லூயி காலத்துப் பிரெஞ்சு அலமாரி ஒன்றின் படத்தைப் பார்த்தேன். கறுத்த தளத்தில் பித்தளைக் கொடிகள் மயிரிழை இடைவெளியும் இல்லாமல் பொருந்தியிருந்தன. நம் மைசூர்ப் பதிப்பு வேலையும் இதுவும் ஒன்றுதானா? (காட்பாடி வாசகர்)

பதில்: பார்வைக்கு உறவு போலத் தோன்றினாலும் இரண்டும் வேறு வேறு முறைகள். மைசூர் வேலையில் ஈட்டி மரப் பலகையைக் குடைந்து, குடைந்த பள்ளத்துக்குள் வேறு நிறத் துண்டை அமர்த்துகிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் மார்க்கெட்ரியில் பலகையை யாரும் குடைவதில்லை. மெல்லிய மரத் தகடு, பித்தளைத் தகடு, ஆமையோடு, கொம்பு ஆகியவற்றைச் சித்திரமாக வெட்டி, ஒன்றோடொன்று கோத்து, ஒரே விரிப்பாக ஆக்கி, ஓக் மரத்தால் செய்த அலமாரியின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். ஆக, நாம் காண்பது ஒரு தோல்தான். அலமாரியின் எலும்பு அதற்குள் இருக்கிறது.

மயிரிழை இடைவெளியும் இல்லாதது எப்படி என்று நீங்கள் வியந்தது நியாயமானது. திருவிழாவுக்குப் பளபளப்புத் தாளில் தோரணம் வெட்டுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்புத் தாளையும் பச்சைத் தாளையும் சேர்த்துப் பிடித்து ஒரு பூவை வெட்டினால், சிவப்பில் விழுந்த பூ பச்சையின் ஓட்டைக்குள் சரியாக அமரும். பச்சைப் பூ சிவப்பின் ஓட்டைக்குள் அமரும். பாரிஸ் பட்டறைகளிலும் அதையே செய்தார்கள். ஆமையோட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேலே வரைபடத்தை ஒட்டி, நூல் போன்ற அலகு கொண்ட வாளால் இரண்டையும் ஒருசேர அறுத்தார்கள். ஆமையோட்டுத் தளத்தில் பித்தளைக் கொடி ஓடுவது முதற்பகுதி. பித்தளைத் தளத்தில் ஆமையோட்டுக் கொடி ஓடுவது எதிர்ப்பகுதி. ஒரே அறுப்பில் இரண்டும் கிடைத்துவிடுவதால் அலமாரிகளை இணை இணையாகச் செய்து, ஒன்றுக்கு முதற்பகுதியையும் மற்றதற்கு எதிர்ப்பகுதியையும் ஒட்டுவது வழக்கமாயிற்று. என் வரையில், எதிர்ப்பகுதியைக் காணும்போதுதான் அந்தக் கைவேலையின் முழு அழகும் விளங்குகிறது.

மரப் பூக்களில் காணும் நிழலும் சாயம் அன்று. வாணலியில் மணலைச் சுடவைத்து, இதழாக அறுத்த துண்டின் ஒரு விளிம்பை மட்டும் அதில் செருகி எடுப்பார்கள். மணலில் புதைந்த பக்கம் பழுப்பேறி, மேலே போகப் போக வெளிறி, இதழ் வளைந்ததுபோல் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: இந்த வேலைக்குப் 'பூல்' என்று ஒருவரின் பெயரையே வைத்துவிட்டார்களாமே, அவர் யார்? (ஆற்காடு வாசகர்)

பதில்: ஆந்த்ரே-ஷார்ல் பூல் 1642-இல் பாரிசில் பிறந்தவர். ஆமையோட்டையும் உலோகத்தையும் சேர்த்து அறுக்கும் முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே, ஹாலந்திலிருந்து வந்து பிரெஞ்சு அரசருக்கு வேலை செய்த பியேர் கோல் போன்றவர்கள் அதில் தேர்ந்திருந்தனர். ஆனாலும் அதைப் பூல் கொண்டுபோன உயரத்துக்கு வேறு யாரும் கொண்டுபோகவில்லை என்பதால் பெயர் அவருக்கு நிலைத்தது. 1672-இல் லூவ்ர் அரண்மனைக்குள்ளேயே குடியிருந்து தொழில் செய்யும் உரிமையை அரசர் அவருக்கு அளித்தார். அதற்குப் பரிந்துரைத்த அமைச்சர் கொல்பேர்தான் 1664-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியையும் நிறுவினார். அந்தக் கம்பெனியின் படை 1749-இல் நம் ஆம்பூர் வரை வந்து போரிட்டதை ஆற்காட்டுக்காரரான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லூவ்ர் குடியிருப்பு வெறும் மரியாதை அன்று. பாரிஸ் தொழிற்சங்கங்களின் சட்டப்படி மரவேலை செய்பவர் வெண்கலம் வார்க்கக் கூடாது. அரண்மனைக்குள் இருந்தவர்களை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. எனவே அலமாரியையும், அதன் மூலைகளைக் காக்கும் பொன்முலாம் பூசிய வெண்கல உருவங்களையும் ஒரே கூரையின் கீழ் பூலால் செய்ய முடிந்தது. அவருடைய அலமாரிகளில் வெண்கலமும் மரமும் ஒரே கற்பனையில் பிறந்தவைபோல் இருப்பதற்கு இதையே காரணமாகக் கருதுகிறேன்.

அவர் செய்ததாகக் கருதப்படும் அலமாரி ஒன்று லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலம் ஏறத்தாழ 1675–1680. பொன்னும் வண்ணமும் தீட்டிய இரண்டு ஓக் மர உருவங்கள், ஒன்று கிரேக்கப் புராண வீரன் ஹெர்க்குலிஸ், மற்றது அதே புராணத்தில் வரும் அமேசான் என்னும் போர்ப்பெண்களின் அரசி ஹிப்போலிட்டா, அதைத் தாங்கி நிற்கின்றன. நடுக்கதவில் பிரான்சைக் குறிக்கும் சேவல், எதிரி நாடுகளைக் குறிக்கும் சிங்கத்தையும் கழுகையும் வென்று நிற்கிறது. அதற்கு மேலே அரசரின் முகம் பொறித்த பதக்கம். அன்றைய பிரெஞ்சு மொழியில் கருங்காலி மரத்தின் பெயரிலிருந்தே அலமாரித் தச்சருக்கு 'எபெனிஸ்த்' என்ற பெயர் பிறந்தது. இந்த அலமாரியிலும் கருங்காலி உண்டு.

1720-இல் பட்டறையில் தீப்பிடித்தது. செய்து முடித்தவை, பாதியில் நின்றவை, அவர் வாழ்நாள் முழுதும் சேர்த்த ஓவியர்களின் வரைபடங்கள் எல்லாம் எரிந்தன. அப்போது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. அதன் பிறகும் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து 1732-இல் மறைந்தார்.

கேள்வி: எந்த ஆமையின் ஓடு? (குடியாத்தம் மாணவி)

பதில்: அழுங்காமை என்னும் கடலாமை. அதன் முதுகுத் தகடுகள் வெந்நீரின் சூட்டில் இளகி, அழுத்தினால் தட்டையாகும். பின்புறம் சிவப்பு வண்ணம் பூசி ஒட்டியதால் அந்தச் சிவப்பு ஊடுருவித் தெரியும். இன்று அழுங்காமை அழியும் நிலையில் இருக்கிறது; நம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது.

கேள்வி: என் மாமனாரின் தகப்பனார் ஏலத்தில் எடுத்த சிறிய அலமாரி எங்கள் வீட்டில் உள்ளது. சிவப்புக் கலந்த கறுப்புத் தளம், பித்தளைக் கொடிகள். ஆண்டுதோறும் சித்திரை, வைகாசியில் பித்தளை எழும்பி நிற்கிறது. புடவைத் தலைப்பு மாட்டிக் கிழிகிறது. ஃபெவிகால் போட்டுச் சிற்றாணி அடித்துவிடலாம் என்று தச்சர் சொல்கிறார். செய்யலாமா? அரசர் காலத்துப் பொருளாக இருக்குமா? (வாலாஜாப்பேட்டை வாசகி)

பதில்: அம்மா, தயவுசெய்து ஆணி அடிக்க விடாதீர்கள். தச்சர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பித்தளை எழும்புவதன் காரணம் பசையின் பலவீனம் மட்டும் அன்று.

நம் பக்கத்து அக்னி நட்சத்திரக் காற்று, மரத்துக்குள் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. ஈரம் போன பலகை நீளவாட்டில் ஏறக்குறைய அப்படியே இருக்கும், அகலவாட்டில் சுருங்கும். அரை மீட்டர் அகலப் பலகை நூற்றில் ஒரு பங்கு சுருங்கினாலே ஐந்து மில்லிமீட்டர் குறைந்துவிடுகிறது. பித்தளைக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை. அது வெயிலில் சிறிதளவு நீளவும் செய்கிறது. அடியில் உள்ளது குறுகி, மேலே உள்ளது குறுகாமல் நிற்கும்போது, பித்தளைக்கு மேலே எழும்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஆணியால் அடக்கினால், அடுத்த கோடையில் ஆணிக்கு அருகே தகடு மடங்கும், பக்கத்து ஆமையோடு விரியும். விதவிதமான பொருள்களை ஒரே பலகையில் சேர்த்ததுதான் இந்த அலமாரிகளின் அழகு. அவற்றின் நோயும் அதுவேதான்.

பசையைப் பற்றியும் ஒரு சொல். இவற்றை ஒட்டியது, நம் தச்சர்கள் ஒரு காலத்தில் காய்ச்சிய வச்சிரத்தைப் போன்ற விலங்குப் பசை. வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும்போது கழியும் சதைத் துணுக்குகளிலிருந்து பசை காய்ச்சுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே இனம்தான். காட்பாடியில் முதிய தச்சர் ஒருவர், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சிறு பாத்திரம் வைத்து அதை உருக்கியதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அந்த நாற்றம் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தப் பசையின் பெருமை, சூடும் ஈரமும் பட்டால் மறுபடி இளகிக் கொடுப்பது. எனவே நூறு ஆண்டு கழித்தும் தகட்டைச் சேதமின்றி எடுத்து, அடிப்புறத்தைத் துடைத்து, திரும்ப ஒட்டலாம். ஃபெவிகால் காய்ந்த பிறகு அப்படி எளிதில் விட்டுக்கொடுக்காது; அடுத்து வருபவர் தகட்டைப் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பித்தளையின் அடிப்புறத்தைச் சற்றே சொரசொரப்பாக்கி, நறுக்கிய பூண்டுப் பல்லால் தேய்த்த பிறகு பசை இடுவது ஐரோப்பியப் பட்டறைகளின் பழைய வழக்கம். ஆனாலும் இந்த வேலையை வீட்டில் முயல வேண்டாம். பழம்பொருள் பராமரிப்பில் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

அரசர் காலத்ததா என்று கடிதத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பூல் தம் பொருள்களில் முத்திரை இடவில்லை. இந்தப் பாணியை 19-ஆம் நூற்றாண்டில் ஏராளமாகத் திரும்பச் செய்தார்கள். உங்களுடையது அந்த நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஓரிடத்தில் கழன்ற பித்தளையின் விளிம்பைப் பாருங்கள்: எங்கும் ஒரே கனமாக இருந்தால் இயந்திரத்தில் உருட்டிய தகடாக இருக்கலாம். பிற்காலத்தது என்றாலும் காக்கத் தகுந்த பொருள்தான். விற்கும் எண்ணம் வந்தால், ஆமையோடு இருப்பதால், முதலில் மாவட்ட வன அலுவலரைக் கேளுங்கள்.

அதுவரை செய்யக்கூடியவை சில உண்டு. அலமாரியை வெயில் விழும் சன்னலுக்கு அருகிலிருந்தும், ஏ.சி. காற்று நேராக வீசும் இடத்திலிருந்தும் நகர்த்தி, உட்சுவர் ஓரம் வையுங்கள். குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளி போட்டுத் துலக்க வேண்டாம். பித்தளையில் இலை நரம்பும் முக நிழலும் ஊசிக்கோடுகளாகச் செதுக்கி, அவற்றில் கறுப்பு நிரப்பியிருப்பார்கள், துலக்கத் துலக்க அவை தேய்ந்து மறையும். ஈரத் துணியும் வேண்டாம். மென்மையான தூரிகையே போதும். எழும்பி நிற்கும் இடங்களில் மெல்லிய தாளை வைத்து, மேலே பருத்தி நாடாவைத் தளர்வாகச் சுற்றிவிடுங்கள், தலைப்பு மாட்டாது. விழுந்த துண்டு எவ்வளவு சிறியதானாலும், எந்தக் கதவில் எந்த மூலையில் இருந்தது என்று எழுதி, ஒரு காகித உறையில் போட்டு அலமாரிக்குள்ளேயே வையுங்கள்.