நுகர்வோர் கேள்வி-பதில்: யாட் டெலிவரி எடுக்கும் முன் எதில் கையெழுத்திடலாம்?

கேள்வி: வணக்கம். எங்களுக்குச் சொந்த ஊர் கானாடுகாத்தான். சென்னையில் தொழில் செய்யும் என் மகனும் நானும் சேர்ந்து, குடும்பத்தோடு கடலில் போய்வர 13 மீட்டர் நீள மோட்டார் யாட் (உல்லாசப் படகு) ஒன்றை 2024-இல் ஆர்டர் செய்தோம். படகின் வெற்று உடலை ஐரோப்பாவிலிருந்து வரவழைத்து, உள்வேலையைக் கொச்சியில் உள்ள ஒரு படகுத்தளம் எங்கள் விருப்பப்படி செய்து தருகிறது. அறைக்குள் ஆத்தங்குடிக் கல் பதித்து, சுற்றிலும் தேக்கு அலமாரி வைக்கச் சொல்லியிருக்கிறோம். வரி நீங்கலாக விலை 2 கோடியே 20 லட்சம். இதில் 80 சதவீதம் கொடுத்துவிட்டோம். இப்போது, “அடுத்த வாரம் வந்து ஏற்புச் சான்றில் கையெழுத்திட்டு, மீதியைக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். சில்லறை வேலைகளைப் பிறகு முடித்துத் தருகிறோம்” என்கிறார்கள். எதையெல்லாம் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்? ஆர்டர் செய்தபோது 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி.யை இப்போது 40 சதவீதம் என்கிறார்களே, அது சரியா? பில்லை மகனின் நிறுவனத்தின் பேரில் போடலாமா? தகராறு வந்தால் சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட முடியுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஃபிரிட்ஜ், இருசக்கர வாகனம், நகைச்சீட்டு என்று கேள்விகள் வந்துகொண்டிருக்கும் இந்தப் பகுதிக்கு யாட் பற்றி வந்த முதல் கடிதம் தங்களுடையதுதான். ஆனாலும் தாங்கள் சிக்கியிருக்கும் இடம், மாடுலர் கிச்சனோ வீட்டு லிஃப்டோ சொல்லிச் செய்யும் எவரும் சிக்கும் இடமே: வேலை முடியுமுன் “முடிந்தது” என்று எழுதிக் கேட்கிறார்கள்.

முதலில், அந்தக் கையெழுத்துக்குச் சட்டத்தில் என்ன எடை என்று பார்ப்போம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதுவதில்லை. இது 41-ஆம் பிரிவு. ஆனால், ஏற்றுக்கொண்டேன் என்று தாங்களே தெரிவித்துவிட்டாலோ, நியாயமான காலம் கடந்தும் மறுப்புச் சொல்லாமல் பொருளை வைத்திருந்தாலோ, 42-ஆம் பிரிவின்படி ஏற்பு முடிந்துவிடுகிறது. அதன்பின் பெருங்குறை தெரியவந்தாலும், ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாதவரை, படகைத் திருப்பித் தள்ளும் உரிமை போய், நஷ்ட ஈடு கேட்கும் உரிமை மட்டுமே எஞ்சும். பொருளின் உடைமை மாறும்போது அதற்கு நேரும் சேதத்தின் பொறுப்பும் பொதுவாகக் கூடவே மாறுகிறது என்பதால், கையெழுத்திட்ட அன்றிரவே படகு கட்டுத்துறையில் மோதினாலும் நஷ்டம் தங்களுடையதாகிவிடக்கூடும். இன்சூரன்ஸ் அந்த நிமிடத்திலிருந்தே நடப்பில் இருக்க வேண்டும்.

எனவே கடல் ஓட்டச் சோதனை முடியும் வரை ஏற்புச் சான்றைத் தொடவே வேண்டாம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கொச்சியில் காயல் நீர் தட்டுப்போல் சமமாகக் கிடக்கும். போல்காட்டிப் பக்கம் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு அதையே சோதனை ஓட்டம் என்பார்கள். காயல் கடலில் சேரும் அழிமுகத்தைப் படகு தாண்டி வெளிக்கடலுக்குப் போய் அலையில் ஏறி இறங்க வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலமாக இருந்து கடல் கொந்தளித்தால், ஒப்படைப்பைத் தள்ளிப் போடுங்கள். சோதனையைத் தள்ளுபடி செய்யாதீர்கள்.

ஓட்டமும் வெறும் படகோடு நடக்கக் கூடாது. டீசல் தொட்டியும் நன்னீர்த் தொட்டியும் நிரம்பியிருக்க வேண்டும். தங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் போவார்களோ அத்தனை பேர் எடை ஏறியிருக்க வேண்டும். இன்ஜின் தயாரிப்பாளர் முழு வேகத்துக்கு நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று ஓர் எண் கொடுத்திருப்பார். முழுச் சுமையோடு த்ராட்டிலை முழுவதும் தள்ளும்போது இன்ஜின் அந்த எண்ணை எட்ட வேண்டும். எட்டாமல் நூறு, இருநூறு சுற்றுக் குறைந்து, புகைபோக்கியில் கரும்புகை வந்தால், பெரும்பாலும் புரொப்பெல்லரின் பிட்ச் (இறக்கையின் சாய்வு) கூடுதல் அல்லது படகின் எடை கூடுதல் என்று பொருள்; எந்நேரமும் சக்திக்கு மீறி இழுக்கும் இன்ஜின் சீக்கிரம் தேய்ந்துபோகும், அப்போது தயாரிப்பாளர் உத்தரவாதத்தை மறுக்கவும் இடம் உண்டு. காலித் தொட்டியோடு ஓட்டினால் இந்தக் குறை வெளியில் தெரியாது. நீரோட்டம் கணக்கைக் கெடுக்காதபடி, வேகத்தைப் போகும் திசையிலும் வரும் திசையிலும் அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள்.

இங்கேதான் தங்கள் ஆத்தங்குடிக் கல் குறுக்கே வருகிறது. சிமென்ட் கல் இரண்டு சென்டிமீட்டர் கனம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு நாற்பது கிலோவுக்கும் மேல் வரும். பத்துச் சதுர மீட்டர் பதித்தால் நானூறு கிலோவைத் தாண்டும், அதாவது ஆறு பேர் இறங்காமல் எப்போதும் உட்கார்ந்திருக்கும் எடை. தேக்கு அலமாரி இதற்கு மேல். எடை மேல்தட்டில் ஏறினால் படகின் உருளல் கூடும். ஒரே பக்கம் குவிந்தால் படகு சாய்ந்தே மிதக்கும். போதாததற்கு, அலையில் படகின் உடல் சிறிது நெளியும், சிமென்ட் கல் நெளியாது, வெடிக்கும். வீட்டு வளவில் நூறாண்டு கிடக்கும் கல்லைப் படகில் போட வேண்டாம் என்பதே என் கருத்து. அதே பூவேலையை மெல்லிய பலகையிலோ வினைலிலோ அச்சிட்டுப் போடலாம். பதித்தாகிவிட்டது என்றால், பொருத்திய எல்லாவற்றின் எடையும் சேர்த்து நிலைப்புத்தன்மையை மறுபடி கணக்கிட்ட தாளை, படகு வடிவமைப்புப் பொறியாளரின் கையெழுத்தோடு கேளுங்கள்.

ஐரோப்பாவில் செய்த உடல் என்றால் அதில் தயாரிப்பாளர் தகடு இருக்கும். அங்கே 2.5 முதல் 24 மீட்டர் வரையுள்ள உல்லாசப் படகுகளை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். பி வகை காற்று விசை (பியூஃபோர்ட் அளவில்) 8 வரையிலும் அலை உயரம் 4 மீட்டர் வரையிலும் தாங்கும். சி வகை விசை 6, அலை 2 மீட்டர். டி வகை 0.3 மீட்டர் அலைக்கு மட்டும். எத்தனை பேர், எத்தனை கிலோ என்பதும் அதே தகட்டில் உண்டு. பின்பக்கத்தில் வலப்புறம் பொறித்த 14 எழுத்து அடையாள எண், காரின் சேஸிஸ் எண்ணுக்குச் சமம். பில், இன்ஷூரன்ஸ், சுங்கத்தின் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிப் பதிவு) மூன்றிலும் அது ஓரெழுத்தும் பிசகாமல் இருக்க வேண்டும்.

ஒரு முறை தெரிந்தவர் ஒருவருக்குத் துணையாக இப்படி ஒரு டெலிவரிக்குப் போயிருந்தேன். அறைக்குள் தேக்கு அலமாரி கண்ணாடி போல் பளபளத்தது. தச்சர் பெருமையோடு கதவைத் திறந்து காட்டினார். அலமாரிக்குப் பின்னால், படகின் அடியில், கடல் நீரை உள்ளே விடும் வால்வு இருந்தது. குழாய் வெடித்தால் அதைத்தான் உடனே மூட வேண்டும். கையை நுழைத்துப் பார்த்தேன்; முழங்கை வரை போயிற்று, கைப்பிடி அதற்கும் ஒரு சாண் அப்பால் இருந்தது. தளத்தின் மேலாளர், “அவசரம் என்றால் அலமாரியைக் கழற்றலாம்” என்றார். கழற்ற பதினான்கு ஸ்குரூ. இதைத் தாங்கள் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல் கையால் எட்டிப் பாருங்கள்: ஒவ்வொரு வால்வும், டீசல் ஃபில்டரும், பில்ஜ் எனும் அடிக்குழியில் தேங்கும் நீரை இறைக்கும் பம்பும் சாமான் எதையும் அகற்றாமல் கைக்கு எட்ட வேண்டும். சொல்லிச் செய்த படகில்தான் இந்தத் தவறு அதிகம், ஏனெனில் தச்சரும் குழாய்க்காரரும் வெவ்வேறு நாளில் வேலை செய்கிறார்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்ஜினையும் புரொப்பெல்லரையும் இணைக்கும் ஷாஃப்ட் நேராக இருக்கிறதா என்பதைப் படகு தண்ணீரில் ஓரிரு நாள் கிடந்த பிறகு மறுபடி அளக்க வேண்டும், ஏனெனில் கரையில் தாங்குகட்டைமேல் இருந்த உடல் தண்ணீரில் சற்று மாறி அமரும். எல்லா ஏ.சி.யும் ஒரே நேரத்தில் ஓடும்போது ஜெனரேட்டர் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டம் முடிந்து திரும்பியதும் பில்ஜில் தண்ணீர் ஊறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றுக்குத் தளத்தோடு தொடர்பில்லாத, படகைச் சோதிக்கும் சர்வேயர் ஒருவரைத் தாங்களே பணம் கொடுத்து அமர்த்துங்கள். தளம் அனுப்பும் சர்வேயர் தளத்தின் ஆள்தான்.

சில்லறை வேலை என்றார்களே, அதற்கு நம் பக்கத்துக் கல்யாண வழக்கமே போதும். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானைப் பரப்பி வைத்து, சிட்டையில் உள்ளதை ஒன்றொன்றாகச் சரிபார்ப்பதில்லையா? அதுபோலப் பாக்கி வேலை ஒவ்வொன்றையும் எழுதி, முடிக்கும் நாளும் அதற்கான தொகையும் எதிரே குறித்து, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். அந்தத் தொகைகளின் கூட்டை மீதிப் பணத்தில் நிறுத்திவைத்து, வேலை முடிய முடிய விடுவிப்பதாக எழுதுங்கள். “குறைகளுக்கு உட்பட்டு ஏற்கப்பட்டது, சிட்டை இணைப்பு” என்ற ஒரு வரி இல்லாத ஏற்புச் சான்று வேண்டாம். இன்ஜினின் உத்தரவாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதையும் எழுதி வாங்குங்கள். தளத்தில் மாதக்கணக்கில் சும்மா கிடந்த காலம் அதில் கழிந்திருக்கக் கூடாது.

வரி விஷயத்தில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. யாட் உள்ளிட்ட உல்லாசப் படகுகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். அதற்கு முன் 28 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 3 சதவீத இழப்பீட்டு செஸ்ஸும் இருந்தது; அந்த செஸ் இப்போது இல்லை. படகை ஒப்படைப்பதும் பில் போடுவதும் அந்தத் தேதிக்குப் பின் என்றால், முன்பணத்தைப் பழைய காலத்தில் கொடுத்திருந்தாலும் புதிய விகிதமே பொருந்தும். ஒப்பந்தத்துக்குப் பின் வரி கூடினால், வேறு விதமாக எழுதப்படாதவரை, விற்பவர் அதை விலையோடு சேர்க்கலாம் என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஏ பிரிவும் சொல்கிறது. எனவே இரண்டைப் பாருங்கள். “எல்லா வரிகளும் உட்பட” என்று ஒப்பந்தத்தில் இருந்தால் வாதத்துக்கு இடம் உண்டு. ஒப்பந்தப்படி செப்டம்பர் 22-க்கு முன்பே தந்திருக்க வேண்டிய படகு அவர்கள் தாமதத்தால் தள்ளிப்போயிருந்தால், கூடிய 9 சதவீதத்தை, அதாவது 2 கோடியே 20 லட்சத்துக்கு 19 லட்சத்து 80 ஆயிரத்தை, தாமதத்தால் நேர்ந்த நஷ்டமாகக் கேட்கலாம். அரசுக்குக் கட்டும் வரி குறையாது. அதைச் சுமப்பவர் யார் என்பதே கேள்வி. தாமதம் குறித்த மின்னஞ்சல்களைப் பத்திரப்படுத்துங்கள்.

பில்லை நிறுவனத்தின் பேரில் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை நிறுவனம் கட்டும் வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அது நடக்காது: பயணிகளையோ சரக்கையோ ஏற்றிச் செல்வது, ஓட்டப் பயிற்சி தருவது, மறுவிற்பனை போன்ற சில பயன்களுக்கு அன்றி, படகுகளுக்கு அந்த வரவைச் சட்டமே தடுக்கிறது. மறுபுறம், வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் நுகர்வோர் அல்லர். நிறுவனம் தன் இயக்குநரின் சொந்தப் பயனுக்கு வாங்கிய கார் வணிக நோக்கம் ஆகாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது உண்மை. ஆயினும் அதை நிறுவும் சுமையைக் காசு கொடுத்து வாங்குவானேன்? படகை இடையிடையே வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் நுகர்வோர் என்ற பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது.

சிவகங்கையில் வழக்குப் போட முடியாது. வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடும் வசதியைச் சட்டம் தந்திருக்கிறது. ஆனால் மாவட்ட ஆணையத்தின் எல்லை செலுத்திய விலை 50 லட்சம் வரை, மாநில ஆணையத்தின் எல்லை 2 கோடி வரை. முழு விலையும் கட்டிய பின் அதைத் தாண்டுவதால் டெல்லியில் உள்ள தேசிய ஆணையம்தான். மனுவை இணையத்தில் தாக்கல் செய்யலாம், காணொலி வழி விசாரணைக்கும் வாய்ப்பு உண்டு. வழக்கின் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தகராறை நடுவரிடமே தீர்க்க வேண்டும் என்ற நடுவர் தீர்ப்பாய ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தால் அஞ்ச வேண்டாம். அது நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைப்பதில்லை என்பது 2018-லேயே தீர்ந்த விஷயம்.

கடைசியாக, தாங்கள் கேட்காத ஒன்று. படகை ராமநாதபுரம் மாவட்டத் தொண்டிப் பக்கம் கொண்டுவந்து வைக்கும் எண்ணம் இருந்தால், ஒப்படைப்பு இடம் கொச்சியா தொண்டியா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். கொச்சி என்றால், கன்னியாகுமரியைச் சுற்றி, பாம்பன் துறைமுக அலுவலகத்தில் அனுமதி வாங்கி, 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்தின் கீழாக வரும் பயணம் முழுதும் தங்கள் பொறுப்பு. பாக் நீரிணையில் தொண்டிக் கரையை ஒட்டி வெகுதூரம் ஆழம் குறைவு என்பதை அங்குள்ள விசைப்படகுக்காரர்களே சொல்வார்கள். கல்லும் தேக்கும் ஏற்றி, தொட்டிகளையும் நிரப்பிய பின் தங்கள் படகு எத்தனை அடி மூழ்கி நிற்கிறது என்று கடல் ஓட்ட நாளிலேயே அளந்து எழுதிக்கொண்டு, ஏதேனும் ஒரு காலை தொண்டிக்குப் போய் அவர்களிடம் அந்த எண்ணைக் காட்டிக் கேட்டுவிட்டு வாருங்கள்.