வாசகர் கேள்வி: தொடாமலே காந்தத்தை அளப்பது எப்படி?

கேள்வி: ஐயா, பள்ளிக்கூடத்தில் காந்தத்தின் பக்கத்தில் கருவியை வைத்து அதன் பலத்தை அளந்தோம். நியூட்ரான் நட்சத்திரத்தின் காந்தப்புலம் இலட்சம் கோடி காஸ் (காந்த பலத்தின் அலகு) என்று படித்தேன். போகவே முடியாத இடத்தில் அதை யார் அளந்தார்கள்? ஊகம்தானா?
– படிவம் 5 மாணவன், சுங்கை சிப்புட்

பதில்: ஊகம் இல்லை, தம்பி. அளந்ததுதான்.

நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில்தான் நானும் வளர்ந்தேன். வீட்டு உத்திரத்தில் ஒரு ஸ்பிரிங் தொங்கும். அம்மாவின் பழைய சேலையை அதில் தூளியாகக் கட்டித் தங்கச்சியைப் போட்டிருப்போம். அம்மா விடியுமுன் பால்மரம் வெட்டப் போய்விட்டால் ஆட்டுகிற வேலை எனக்கு. தூளியின் தாளத்துக்கு இழுத்தால் ஒரு விரல் போதும். தாளம் தப்பினால் கை வலிக்கும், பிள்ளையும் அழும். ஸ்பிரிங் தளர்ந்ததும் அப்பா விறைப்பான புதுசு ஒன்றை மாட்டினார். அன்றைக்கு என் பழைய தாளம் எடுபடவில்லை. இன்னும் வேகமாக இழுக்க வேண்டியிருந்தது. ஆக, எந்தத் தாளத்துக்குத் தூளி இணங்குகிறது என்று பார்த்தே ஸ்பிரிங்கின் விறைப்பைச் சொல்லிவிடலாம்.

சரி, இப்போது நட்சத்திரத்துக்கு வருவோம். நியூட்ரான் நட்சத்திரம் என்பது பெரிய நட்சத்திரம் வெடித்தபின் மிஞ்சும், மிக அடர்ந்த உருண்டை. அது தன் துணை நட்சத்திரத்திலிருந்து வாயுவை இழுக்கிறது. காந்தப்புலம் அந்த வாயுவைத் துருவங்களுக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அது கொதித்து எக்ஸ்-கதிரை வீசுகிறது. அங்கே எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழல்கின்றன. காந்தம் பலமாக இருந்தால் சுழற்சியும் வேகம். அந்தச் சுழற்சிக்கு ஒத்த ஆற்றலுள்ள கதிரை மட்டும் எலக்ட்ரான்கள் மறித்துச் சிதறடிக்கும், மற்றவை நம்மிடம் வந்து சேரும். அதனால் நமக்கு வரும் நிறமாலையில், அதாவது எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர் வருகிறது என்று காட்டும் வரைபடத்தில், ஒரு பள்ளம் விழும். பள்ளம் எந்த ஆற்றலில் விழுகிறது என்பதுதான் அளவு.

எக்ஸ்-கதிர் தரைவரை வராது, காற்று மண்டலம் விழுங்கிவிடும். அதனால் 1976-இல் ஜெர்மானியர் யோவாகிம் ட்ரூம்பரின் குழு பலூனில் கருவியை அனுப்பி, ஹெர்குலிஸ் எக்ஸ்-1 என்ற நட்சத்திரத்தில் இந்த அடையாளத்தை முதன்முதலில் கண்டது. பள்ளமாக அல்ல, மேடாகத்தான் அவர்கள் அதை முதலில் புரிந்துகொண்டார்கள். பள்ளம் என்பது பிறகு தெளிவானது.

கணக்கை நீயே போடு. 1 இலட்சம் கோடி காஸ் காந்தத்துக்குப் பள்ளம் 11.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) விழ வேண்டும். ஹெர்குலிஸில் ஏறக்குறைய 37-இல் விழுகிறது. ஆனால் அவ்வளவு பெரிய ஈர்ப்பிலிருந்து ஏறி வரும்போது கதிர் ஆற்றலை இழக்கும். அதை ஈடுகட்ட 1.3-ஆல் பெருக்கு, 48 வரும். 11.6-ஆல் வகு. 4 இலட்சம் கோடி காஸுக்குச் சற்று மேல்! நம் பூமியின் காந்தம் ஏறத்தாழ அரை காஸ்தான். இருபதாயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பதை இப்படி அளக்க முடிகிறதே என்று எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

ஒன்றை மறந்துவிடாதே. பள்ளம் உருவாகிற இடத்தின், அதாவது துருவத்தை ஒட்டிய பகுதியின் அளவுதான் இது. காந்தம் பல்லாயிரம் மடங்கு குறைந்த நட்சத்திரங்களும் உண்டு. அவற்றில் பள்ளம் எக்ஸ்-கதிருக்குள்ளேயே விழாது. சுழலும் வேகத்தைப் போன்ற வேறு தடயங்களை வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

ஜூலையில் வானம் தெளிவாக இருந்தால் இரவு பத்து மணிவாக்கில் திடலுக்குப் போய் வடக்கே பார். உச்சிக்கும் அடிவானத்துக்கும் நடுவில், சற்று உயரத்தில் ஹெர்குலிஸ் கூட்டம் தெரியும். ஹெர்குலிஸ் எக்ஸ்-1 வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தத் திசையில்தான் இருக்கிறது.