எறும்பை விட்டுவிட்டுச் செதிலை மட்டும் அடித்தால்: சேலம், ஏற்காடு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (ஏற்காடு, காபி விவசாயி): சார், செடியில் பச்சைச் செதில் பூச்சி. மருந்தடித்து ஒரு மாதத்தில் முன்னைவிட அதிகமாக வந்துவிட்டது. இலையெல்லாம் கரி பூசினாற்போல இருக்கிறது. என்னங்க செய்வது?

பதில்: கரியாகத் தெரிவது கரும்பூசணம். அது இலையைத் தின்பதில்லை. செதில் பூச்சி கழிக்கும் இனிப்பு நீரில் வளர்ந்து வெயிலை மறைக்கிறது. அதே இனிப்புக்கு எறும்பும் வருகிறது, கூலியாகக் காவல் காக்கிறது: செதிலில் முட்டையிட வரும் ஒட்டுண்ணிக் குளவியையும், தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டிவிடும். நீங்கள் அடித்த மருந்தில் தாய்ச் செதிலின் வயிற்றடியில் கிடந்த குஞ்சுகள் தப்பித்தன, குளவிகள் தப்பவில்லை. எதிரி போய்விட்டான், காவல்காரன் திரும்பி வந்துவிட்டான். பிறகு பெருகாமல் என்ன செய்யும்?

எறும்பின் வழியை அடைத்துவிடுங்கள். முதலில் பத்துச் செடியில் மட்டும் செய்து பாருங்கள். தண்டைச் சுற்றி பாலித்தீன் பட்டை கட்டி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள்; செடியின் தோலில் நேராகத் தடவினால் தண்டு கெடும். தரையைத் தொடும் கிளை, பக்கத்துச் செடியோடு உரசும் கிளை, உயர்ந்து நிற்கும் களை எல்லாவற்றையும் வெட்டுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரு புல் சாய்ந்திருந்தாலும் எறும்புக்கு அது பாலம். பட்டை கட்டாத பத்துச் செடியையும் குறித்து வைத்து, மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டிலும் ஒரே அளவு கொழுந்தில் செதிலை எண்ணுங்கள். மழைக்காலத்தில் செதிலைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் மருந்தே வேண்டாம். அது செதிலைக் கொல்லும் பூஞ்சை.

அதற்காகத் தோட்டத்து எறும்பை எல்லாம் ஒழிக்கக் கிளம்பிவிடாதீர்கள். காய்த் துளைப்பானைத் தின்னும் எறும்பினங்களும் உண்டு.

கேள்வி (ஆத்தூர்): குச்சிக்கிழங்கில் (மரவள்ளியில்) மாவுப்பூச்சி. பப்பாளி மாவுப்பூச்சிக்கு விட்ட குளவியையே இதற்கும் விடலாமா?

பதில்: எந்த மாவுப்பூச்சி என்று பார்க்காமல் விட்டால் வீண். பப்பாளி மாவுப்பூச்சியின் உடல் மஞ்சள், பஞ்சு போன்ற முட்டைப்பை இருக்கும். மரவள்ளி மாவுப்பூச்சி இளஞ்சிவப்பு. இது தாக்கினால் கணு இடைவெளி சுருங்கி, குருத்து கொத்தாகக் குறுகிவிடும். முதலாவதற்கு 2010-இல் இறக்குமதியான அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி, இரண்டாவதற்கு அனகைரஸ் லோபெஸி என்ற குளவி. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

மரவள்ளி மாவுப்பூச்சியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. இந்தியாவில் 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டது. இதில் ஆண் பூச்சியே தேவையில்லை, தனியொரு பெண் போதும் பெருகுவதற்கு. ஊரில் விட்டுவந்த எதிரியும் இங்கே கிடையாது. ஆப்பிரிக்காவில் இது பரவியபோது, அந்த எதிரியான அனகைரஸ் லோபெஸியைத் தேடிப் பிடித்து 1981-இல் நைஜீரியாவில் விட்டார்கள், ஆப்பிரிக்காவின் மரவள்ளி பிழைத்தது. அந்த வேலைக்காகப் பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே குளவி 2022-இல் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது.

குளவி விட்ட வயலில் பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள். குருத்தில் பழுப்பு நிறத்தில் உப்பி, தொட்டால் நகராத மாவுப்பூச்சி இருந்தால் உள்ளே குளவி வளர்கிறது என்று அர்த்தம். அந்தக் குருத்தை எரிக்க வேண்டாம். ஒடித்து, பூச்சி அதிகமுள்ள பாத்தியில் கட்டித் தொங்கவிடுங்கள். பழுப்பு உப்பல் இல்லாத, மாவு அப்பிய குருத்தைத்தான் எரிக்க வேண்டும். அடுத்த நடவுக்கான கரணையை (நடும் தண்டுத் துண்டை) இந்த வயலில் எடுக்காதீர்கள். பூச்சி புது வயலுக்குப் போவது பெரும்பாலும் கரணையோடுதான்.

கேள்வி (சேலம், கல்லூரி மாணவி): ஒட்டுண்ணிக்கும் இந்தக் குளவிக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: பேன், நாடாப்புழு போன்ற ஒட்டுண்ணிகள் பொதுவாகத் தாம் ஒட்டிவாழும் உயிரைக் கொல்லாமல் வைத்தே பிழைக்கும். இந்தக் குளவியின் புழு உள்ளேயிருந்து தின்று, கடைசியில் கொன்றுவிட்டுத்தான் வெளியே வரும். பரீட்சையில் ‘பாராசிட்டாய்டு’ என்று தனியாக எழுதுங்கள்.

கேள்வி (மாந்தோப்பு வைத்திருப்பவர்): புல்லுருவியை வெட்டினாலும் திரும்ப வருகிறது. பூக்கொத்திக் குருவிதான் காரணம் என்கிறார்கள். விரட்டிவிடலாமா?

பதில்: குருவி பரப்புவது உண்மை. புல்லுருவிப் பழத்தின் விதையில் பசை இருக்கிறது. கிளையில் ஒட்டிக்கொண்டு அங்கேயே முளைக்கும். ஆனால் குருவியை விரட்ட உங்களால் முடியாது, அதன் சாப்பாட்டை நிறுத்த முடியும். பழம் பழுப்பதற்கு முன் வெட்டுங்கள். புல்லுருவியை மட்டும் ஒடித்தால் மரத்துக்குள் இறங்கிய உறிஞ்சு வேர் மறுபடி துளிர்க்கும். ஒட்டிய இடத்துக்குக் கீழே, கிளையோடு சேர்த்து அறுத்து, காயத்தில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசணக்கொல்லி) தடவுங்கள். பக்கத்துத் தோப்பும் சேர்ந்து செய்தால்தான் பலன் நிற்கும். புல்லுருவி தன் இலையில் தானே உணவு தயாரிக்கிறது, மாமரத்திடம் பிடுங்குவது நீரும் தாதுவும். அதனால்தான் வறட்சி ஆண்டில் கிளை நுனி முதலில் காய்கிறது.

கேள்வி (நாகலூர்): நிழலுக்கு சில்வர் ஓக் மட்டும் போதாதா? மிளகும் ஏறுகிறது, மரமும் விலை போகிறது.

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு தோட்டம், இரண்டிலும் 100 மரம், 5 இனம். முதலாவதில் ஒவ்வொன்றிலும் 20. இரண்டாவதில் சில்வர் ஓக் 96, மற்ற நான்கும் ஒவ்வொன்று. இன எண்ணிக்கை இரண்டிலும் ஐந்துதான். இனங்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று அளக்கும் ஷானன் குறியீடு (கூடினால் பன்மை கூடுதல்) முதலாவதற்கு 1.61, இரண்டாவதற்கு 0.22. ஒவ்வொரு இனத்தின் பங்கையும் அதன் இயல் மடக்கையால் பெருக்கி, கூட்டி, குறியை மாற்றினால் இந்த எண் வரும்.

சில்வர் ஓக் பறவை தின்னும் சதைப்பழம் தருவதில்லை. பலா, இச்சி, கல்யாண முருங்கை கலந்திருந்தால் ஒன்று இலை உதிர்க்கும்போது மற்றொன்று நிழல் தரும். வெயில் விழும் தண்டில்தான் வெள்ளைத் தண்டு துளைப்பான் முட்டையிட விரும்புகிறது. அது பறக்கும் காலம் ஏப்ரல்–மே, பிறகு அக்டோபர்–டிசம்பர். நிழலைக் கழிப்பதானால் அந்த மாதங்களில் தண்டு வெயிலில் நிற்காதபடி திட்டமிடுங்கள்.

கேள்வி (ஆசிரியை, ஏற்காடு): அத்தி வகை மரங்களைக் ‘கீஸ்டோன்’ இனம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், காரணத்தோடு. எண்ணிக்கையில் குறைவாக இருந்தும் எடுத்தால் பலரைச் சாய்க்கும் இனத்துக்கு 1969-இல் சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் கொடுத்த பெயர் அது. மற்ற மரங்களில் பழம் இல்லாத மாதத்திலும் ஏதோ ஓர் ஆலோ அரசோ பழுத்திருக்கும். ஆனால் பெரிய மரமெல்லாம் கீஸ்டோன் இல்லை.

கேள்வி (மலையடிவாரம்): உன்னிச்செடியை வெட்ட வெட்டத் தழைக்கிறது.

பதில்: தரைக்கு மேலே வெட்டுவது அதற்குக் கவாத்து. மண்ணைக் கிளறி, தண்டும் வேரும் சேரும் கழுத்துக்குக் கீழே ஆணிவேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். கிளை மண்ணில் பட்டால் வேர்விடும். காய்க்கும் முன் முடியுங்கள். எடுத்த இடத்தை வெறுமையாக விட்டால் மீண்டும் உன்னியோ பார்த்தீனியமோ பிடிக்கும், அதனால் மழையோடு உள்ளூர்ப் புல்லை விதையுங்கள். உன்னிப் பழத்தைத் தின்று விதை பரப்பும் சின்னான் (கொண்டைக்குருவி) உட்காரும் மரங்களின் அடியில் அடுத்த மழையிலும் நாற்று முளைக்கும். கையால் பிடுங்க வரும் பருவத்திலேயே எடுத்துவிடுங்கள்.